தழும்புக்கு ஒரு கடை

காணாமற்போன மகனின் விலை, கல்முனைக் கடைத்தெரு நிலவரப்படி, ஒரு தழும்பு. அதைக் காட்டியவனுக்குப் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடை கிடைக்கவிருந்தது.

மதிய லுஹர் தொழுத கையோடு நொத்தாரிசு பதியுதீன், விதவை முனவ்வறாவின் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுத வந்தார். கடையை மகன் அஸ்கியின் பெயருக்கு மாற்ற வேண்டும். அஸ்கியை ஆறு வயதில் சுனாமி கொண்டுபோனது. சடலம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து முனவ்வறாவுக்கு வாசலைப் பார்த்தபடிதான் சோறு இறங்கும். சென்ற நோன்பு மாதத்தில் அந்த வாசலில் ஓர் இளைஞன் வந்து நின்று, "உம்மா" என்றான்.

வாசல் படலையில் வைத்தே மகள் ஜெனூபா மறித்தாள்.

"மாமா, எழுதாதீங்க. அவன் என்ட தம்பியில்ல."

"தம்பிக்கு உறுதி எழுதுற அண்டைக்கு ராத்தாமார் எல்லாரும் இதத்தான் புள்ள செல்லுற. கடையில உனக்கும் கண்ணா?"

"எனக்குச் சீதனமா வீடு தந்தாச்சி. கடைய நாய் தின்னட்டும். அவன் ஏமாத்திட்டுப் போனா உம்மாட நெஞ்சு தாங்காது. அதுதான் பயம்."

"அவனப் பார்த்த டொக்டர் என்ன சென்ன?"

"சின்ன வயசுச் சுன்னத்துத் தழும்பாம். புண் பழுத்து, தடிச்சி ஆறினதாம்."

ஊருக்குத் தெரிந்த கதை அது. அஸ்கிக்குச் சுன்னத்துக் கலியாணம் வைத்த வருடம், சுன்னத்துச் செய்யும் ஒஸ்தாவின் கத்தி கூடாத கத்தி. அவர் கை பட்ட பல பையன்களுக்குப் புண் பழுத்தது.

"உன்ட தம்பிக்கும் பழுத்ததா?"

"தெரியா மாமா. எனக்கு எட்டு வயசு. சுன்னத்துக் கலியாணம்தான் ஞாபகம். காலையில ஒஸ்தா வந்துட்டுப் போன. பின்னேரம் ஊரே வந்து புரியாணி தின்ட. தம்பி மாலையும் கழுத்துமா புதுச் சைக்கிள்ள வளவச் சுத்தி ஓடி, ஒரு சோத்துச் சஹனக் கவுத்துப் போட்டான். வாப்பா அடிக்க ஓங்கின."

பதியுதீன் சிரித்தார். பாதியில் நிறுத்தினார்.

"டொக்டருக்குக் காட்டச் சென்னது ஆரு?"

"நான். உம்மா கூடாதென்டு சண்ட. அவனே போய்க் காட்டின. தழும்பிரிக்கி என்டு டொக்டர் சென்னதக் கேட்டதும் உம்மா குசினிக்குப் போய்ட்டா."

"சந்தோசத்திலயா?"

"போய்ப் பார்த்தன். மூட்டாத அடுப்புக்கு முன்னால குந்திக்கிட்டிருந்தா."

உள்ளே முனவ்வறா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார், மீசை வைத்த பிள்ளைக்கு. இளைஞன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஸலாம் சொன்னான்.

"இரிங்க தம்பி. சுன்னத்து நாள் ஞாபகமிரிக்கா?"

"ஓம் மாமா. மறக்கிற நோவா? மேல சாரனக் கட்டித் தொங்கவிட்டு, அதுக்குள்ள படுக்க வெச்ச. துணி பட்டாலும் உயிர் போகும்."

"பின்னேரம்?"

"பின்னேரமும் கிடையிலதான்."

"சைக்கிள்?"

"என்ன சைக்கிள்?"

"ஓடிப் போய்ச் சஹனக் கவுத்த சைக்கிள்."

இளைஞன் முனவ்வறாவைப் பார்த்தான். முனவ்வறா மீனைப் பார்த்தார்.

பதியுதீன் பேனாவை மூடினார்.

"துணி பட்டா உயிர் போற புள்ள சைக்கிள்ள ஏறுமா? அண்டைக்கு அஸ்கிக்குக் கத்தியே படல்ல. வெட்ட ஒண்டுமில்ல. சுன்னத்தாகியே பிறந்த புள்ள. அபூர்வமா அப்படிப் பிறக்கிற."

"அப்ப கலியாணம் என்னத்துக்கு மாமா?" என்றாள் ஜெனூபா.

"வெளிய சென்னா கண்ணூறு படும். கலியாணம் வெக்காட்டி, உன்ட வாப்பா ஊரார் கலியாணத்துல வெச்ச அன்பளிப்பு திரும்பி வருமா? அவர் யாவாரி! ஒஸ்தா வந்த, கதவ மூடின, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன. ஊர் புரியாணியப் பார்த்த. புள்ளையப் பார்க்கல்ல."

"இந்தத் தழும்பு?"

"அது உண்மை. அந்தக் கத்தி பட்ட வேற வீட்டுப் பொடியன்ட. சுன்னத்துக் கலியாணம் நடந்ததென்டு ஊர் சென்னதக் கேட்டு, தழும்பக் காட்டினா மகனாகலாம் என்டு வந்திரிக்கான். தழும்பு இல்லாட்டித்தான் மகன்."

இளைஞன் தலையைக் குனிந்தான்.

"என்ட பேர் முஹ்ஸின். சுனாமியில எங்கட வீட்டுல ஒருத்தரும் மிஞ்சல்ல மாமா. கடைக்குத்தான் வந்த. இப்ப பொய் செல்லல்ல."

"இவன் ஒருத்தன்தான் கள்ளன் என்டா கணக்குப் பிழையாப் போகும்," பதியுதீனின் குரல் இறங்கியது. "ராத்தா, அஸ்கியக் குளிப்பாட்டி வளர்த்தது நீங்க."

முனவ்வறா கையைக் கழுவவில்லை.

"வந்த அண்டைக்கே தெரியும் தம்பி. ஆனா டொக்டர் வாயத் திறக்குமட்டும், தெரியாத மாதிரி இருக்க ஏலுமா இருந்த." மீன் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எழுதுங்க."

"மகன் என்டு எழுதினா பொய்யுறுதி ராத்தா."

"வேற என்னென்டு எழுதுவீங்க? இந்த வீட்டுல உம்மா என்டு கூப்பிட இவனொருத்தன் வந்தான். அதுக்குச் சட்டத்துல என்ன பேரு?"

பதியுதீன் முப்பது வருடம் சட்டம் விற்றவர். அந்தச் சரக்கு அவரிடம் இல்லை.

ஜெனூபா உம்மாவின் தோளைப் பிடித்தாள். முனவ்வறா அந்தக் கையைத் தட்டிவிட்டார். முஹ்ஸின் பையை எடுத்தான். வாசல்படியில், நாக்குப் பழகிய பழக்கத்தில், "வாறன் உம்மா" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"பார்த்துப் போ மகன்," என்றார் முனவ்வறா. அது பழக்கத்தில் வந்ததல்ல.

பின்னேர அஸர் பாங்கு கேட்டபோது பதியுதீன் எழுதாத உறுதியோடு படலையைத் தாண்டினார். கடை மிச்சம். முள் எடுத்த மீன் செலவு. கடல் அந்த வீட்டுக்குத் தர வேண்டியது நேற்றுவரை ஒரு மகன், இன்றிலிருந்து இரண்டு.