கோப்பில் இல்லாத பாலம்

செவ்வாயில் விடிந்ததும், பால் பாக்கெட் போடுவதுபோல வாசலில் காற்று உருளை போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைய உருளையை மாட்டிக்கொண்டு நிர்வாக அதிகாரி மாசிலாமணி வழக்கம்போல கோப்புத்திரையில் கையெழுத்துகளாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போதுதான் காதுக்கருவியில் தங்கப்பழத்தின் குரல் அலறியது.

"சார், நம்ம பாலத்தை இடிக்க எந்திரம் வந்து நிக்குது! ஓடி வாங்க!"

அடப்பாவிகளா! மாசிலாமணி துள்ளி எழுந்தார். முப்பது வருடங்களுக்கு முன் அவர் ராணுவப் பொறியாளர், வெறும் கேப்டன். தங்கப்பழம் அவருடைய ஹவில்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எண்பது குடும்பங்கள் காற்றில்லாமல் தவித்தபோது, உடைந்த விண்கலத்தின் இறக்கையை வெட்டி மூன்றே நாளில் போட்ட பாலம் அது. முதல் வண்டி போகும்போது, போட்டவர்கள் பாலத்தடியில் நிற்க வேண்டும் என்பது படை வழக்கம். தலைக்குமேல் இரும்பு முனக முனக, தங்கப்பழம் முருகனைக் கூப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அப்புறம் பதவி வந்தது, பெரிய நாற்காலி வந்தது. அப்படி ஒரு மூன்று நாள் மட்டும் அவருக்குத் திரும்ப வரவேயில்லை.

வண்டியை விரட்டிக்கொண்டு போனார். பாலத்தின் முனையில் இடிப்பன் என்கிற அந்த ராட்சத எந்திரம் கையை ஓங்கி நின்றது.

"நிறுத்து! யார் இடிக்கச் சொன்னது?"

"நீங்கள்தான், ஐயா. கோப்பில் இல்லாத கட்டுமானங்களை அகற்றும் ஆணை. இன்று காலை, பதினேழாவது கையெழுத்து" என்றது இடிப்பன்.

"படிக்காமலா சார் போட்டீங்க?" என்றார் தங்கப்பழம். மாசிலாமணி கூனிக் குறுகிப்போனார்.

"ஆணையை ரத்து செய்கிறேன்!"

"அதற்குப் பாலத்தின் கோப்பு எண் வேண்டும், ஐயா. விதி உங்களுடையது."

"அந்தப் பக்கம் ஆயிரம் குடும்பம் இருக்கே! காற்று எப்படிப் போகும்?"

"இருநூறு அடி தள்ளியுள்ள புதிய பாலம் வழியாக. போன வருடம் நீங்கள்தான் திறந்துவைத்தீர்கள்."

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். அங்கே பாலம் எதுவும் இல்லை. பளபளவென்று ஒரு கல்வெட்டு மட்டும் நின்றது. அதில் தங்க எழுத்தில் அவர் பெயர். ரிப்பன் வெட்டியதும் போட்டோவுக்கு நின்றதும் நினைவுக்கு வந்தன. பாலம் எங்கே என்று அன்றைக்கு அவரும் கேட்கவில்லை.

விறுவிறுவென்று பள்ளத்தில் இறங்கி, பழைய பாலத்தடியில் போய் நின்றுகொண்டார். தங்கப்பழமும் முருகனைக் கூப்பிட்டபடி இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். ஆள் இருக்கும் இடத்தை இடிக்க இடிப்பனுக்கு அனுமதியில்லை. அது ஓங்கிய கையை இறக்கியது.

"எவ்வளவு நேரம் நிற்பீர்கள், ஐயா?"

"புதுப் பாலத்தைக் கட்டி முடிக்கிறவரைக்கும்!"

"அதுதான் போன வருடமே முடிந்துவிட்டதே, ஐயா" என்றது இடிப்பன், மிகுந்த மரியாதையோடு.