மூன்று மணிச் சூரியன்

காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பள்ளி இன்ஸ்பெக்டர், மத்தியானம் மூன்றாகியும் வரவில்லை. செல்லத்தாய் வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் படிப்பது ஒன்றாம் வகுப்பு. திருமங்கலத்துக்கு நாலு மைல் தள்ளி, ஒரு கூரைப் பள்ளிக்கூடம். போன தடவை வந்த இன்ஸ்பெக்டர், "ஒன்றாம் வகுப்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. மறுபடியும் இப்படி இருந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூடினால் பையன்கள் திருமங்கலத்துக்கு நடந்து போய்ப் படிப்பார்கள். செல்லத்தாய்?

"அம்புட்டுத் தூரம் பொட்டப்புள்ளய அனுப்ப மாட்டேன் ஆத்தா. உள்ளூர்ல இருக்குற வரைக்கும் படி" என்று அவள் அப்பா தவசி சொல்லியிருந்தார்.

இந்த வாரப் பாடம் திசைகள். தினமும் காலையில் ஆண்டிச்சாமி வாத்தியார் பன்னிரண்டு பிள்ளைகளையும் வெளியே நிறுத்துவார். "சூரியனைப் பாத்து நில்லுங்க. எதிர்த்தாப்பல கிழக்கு. முதுகுப் பக்கம் மேற்கு. இடது கை வடக்கு. வலது கை தெற்கு!" பிள்ளைகள் தூக்கத்தில்கூட அதைச் சொன்னார்கள்.

கடைசியில் மாட்டுவண்டி வந்து நின்றது. வழியில் சக்கரம் கழன்றுவிட்டதாம். இன்ஸ்பெக்டரின் கோட்டெல்லாம் புழுதி. முகத்தில் கடுகடுப்பு.

"என்ன பாடம்? திசைகளா? எல்லோரும் வெளியே வாருங்கள். வாத்தியார் வாயைத் திறக்கக் கூடாது!"

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவன் சின்னான்.

"கிழக்கு எது?"

சின்னான் சூரியனைத் தேடினான். அதைப் பார்த்து நின்றான். நேராகக் கையை நீட்டினான். "கிழக்கு!"

மற்றப் பதினொரு கைகளும் அதே பக்கம் நீண்டன. வாத்தியாரின் முகம் வெளுத்துப் போனது.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

தன் கை எங்கே நீண்டிருக்கிறது என்று செல்லத்தாய் அப்போதுதான் பார்த்தாள். அங்கே அவள் வீட்டு வேப்பமரம் தெரிந்தது. அவள் வீடு மேலத்தெருவில் அல்லவா இருக்கிறது? மேலத்தெரு எப்படிக் கிழக்கே போகும்?

அவளுக்குப் பகீரென்றது. தான் மட்டும் கையைத் திருப்பினால் போதாது. சின்னானோ அழுதுவிடுவான் போலிருந்தான். பேனா நோட்டில் இறங்கிவிட்டது.

"ஏலே சின்னான்!" என்று கத்தினாள். "பேயாண்டி மாமா கிணறு எங்கிட்டு இருக்கு?"

"கிழக்கால!" யோசிக்காமல் சொன்னான் சின்னான். அவன் கை முதுகுப் பக்கமாகச் சரியாகப் போனது.

"ஒங்க மாட்டுத் தொழுவம்?"

"வீட்டுக்கு வடக்கால!" கை வடக்கே போனது.

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து, மற்றவர்களைப் பார்த்தார். "ஊருணி எந்தப் பக்கம்?"

"தெக்கால!" பன்னிரண்டு கைகளும் தெற்கே பாய்ந்தன.

"சூரியன் மறைவது?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாக எல்லாக் கைகளும் மேற்கே திரும்பின. அங்கே சூரியன் இருந்தது!

"இவ்வளவு தெரிந்தும் முதலில் ஏனப்பா தப்பாகக் காட்டினாய்?"

சின்னான் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "சூரியனைப் பாத்து நின்னா எதிர்த்தாப்பல கிழக்குன்னு படிச்சோம். காலையில வந்திருந்தா சரியாத்தான் இருந்திருக்கும். நீங்கதேன் லேட்டா வந்துட்டீக!"

வாத்தியார் கண்களை இறுக மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கோ சிரிப்பு வெடித்தது. கோட்டுப் புழுதி பறக்கச் சிரித்தார்.

"தப்பு என் வண்டி மேல்தான்" என்றவர், எழுதியிருந்த அரை வரியை அடித்துவிட்டு, 'பள்ளி தொடரலாம்' என்று எழுதினார். வாத்தியாரிடம் திரும்பி, "நாளையிலிருந்து சாயங்காலமும் ஒரு தடவை வெளியே கூட்டி வாருங்கள்" என்றார்.

அன்று செல்லத்தாய் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண் கூசக் கூச, சூரியனைப் பார்த்தபடியே மேலத்தெருவுக்கு ஓடினாள். நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும்.