மைக்கண் கிடா

"என் ஆட்டை எங்கே பிடிச்சீங்க?"

கால்நடை மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே தொப்பலாக நனைந்தபடி ஒருத்தி... ஒரு கையில் நொண்டும் செம்மறியின் கயிறு. இன்னொரு கை, அவன் மடியில் தலை சாய்த்திருந்த கிடாவை நோக்கி நீண்டிருந்தது.

"உங்க ஆடா? இது நம்ம ஆளுதாங்க."

"கண்ணைப் பாருங்க. இந்த மைக்கண் ஜாதி, சுத்துவட்டாரத்துல என் பட்டியில மட்டும்தான் இருக்கு. வேற யார்கிட்ட இருந்தாலும் அது திருட்டு ஆடுதான்."

அவள் சொன்னதில் பாதி உண்மை. உடம்பெல்லாம் வெள்ளை, கண்ணைச் சுற்றி மட்டும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து மை தீட்டிவிட்டது போல ஒரு கறுப்பு வளையம்... அந்த ஆடுகளை எல்லோரும் கைவிட்டுப் பெரிய கலப்பினத்துக்கு மாறி வருடங்கள் ஆகிவிட்டன. அவள் மாறவில்லை. ஒன்பது பெட்டைகள், ஒரு கிழட்டுக் கிடா, அவற்றுக்காக வீட்டில் தினமும் ஒரு சண்டை. வீட்டில் அவளுக்கு வைத்திருந்த பெயரே ரோஷக்காரி.

"உங்க பட்டியில கிடா எத்தனைங்க?"

"ஒண்ணு."

"அது இப்போ எங்கே?"

"வீட்ல கட்டியிருக்கு."

"அப்போ இது?"

காலையில் கிழட்டுக் கிடாவுக்குத் தழை போட்டவளே அவள்தான். நியாயமாக அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கிடாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள்.

"வயிறு ஏன் இப்படி உப்பியிருக்கு? என்ன குடுத்தீங்க?"

"பன்."

"என்னது?"

"நேத்து மிஞ்சின பன். நான் பேக்கரி வெச்சிருக்கேன்... இது ஆசையா சாப்பிட்டுச்சு."

"சாப்பிடும். நாளைக்கு கேக் குடுங்க, அதையும் ஆசையா சாப்பிடும். அப்புறம் செத்துப்போகும்."

அவன் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ குரல் தணிந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டாள்.

"ஒருநாள் ரொட்டி எடுத்துட்டுப் போறேன். முன்னாடி கறிக்கு ஆடு ஏத்திட்டு ஒரு லாரி நின்னுட்டிருந்துச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பட்டியையே காலி பண்ணிட்டாங்களாம். அதுல இது என்னையே பார்த்துச்சுங்க. நானும் பார்த்தேன். அவ்வளவுதான்... காசைக் குடுத்து இறக்கிட்டேன்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் இது அவள் ஆடுகளுக்கு உறவே இல்லாத ரத்தம். அவளுடைய பெட்டைகள் எல்லாமே அந்தக் கிழட்டுக் கிடாவின் மகள்கள். அப்பனையே மகளோடு சேர்த்தால் குட்டிகள் நோஞ்சானாகும். வெளிக்கிடா கிடைக்காவிட்டால் ஒரு கலப்பினக் கிடாவை வாடகைக்குக் கொண்டுவந்து பட்டிக்குள் விடுவதாக அண்ணன் சொல்லிவிட்டான். பிறகு பிறப்பதெல்லாம் கறி எடைக்குப் போகும். மைக்கண் அத்தோடு சரி.

"இதை ரெண்டு வாரம் என் பட்டியில விடுவீங்களா?"

"விட்டா... காரியம் நடந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

"கிடா நெஞ்சுல சாயத்தை எண்ணெயில குழைச்சுப் பூசிவிடுவோம். எந்தப் பெட்டை முதுகுல சாயம் ஒட்டியிருக்கோ, அதோட சேர்ந்திருக்குன்னு அர்த்தம்."

அவள் கடைக்கணக்கு சொல்வது போலச் சொன்னாள். வெட்கப்பட்டது அவன்தான்.

"தாராளமா விடலாம். ஆனா என்னைத் திருடன்னு சொன்னீங்களே... ஒரு மன்னிப்புக் கேளுங்க. கிடா உங்க பட்டியில நிக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அதை அவள் பார்த்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் காதில் விழுந்ததோ 'கேளுங்க' மட்டும்.

"ஒரு காரியம் ஆகணும்னு நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல."

விருட்டென்று எழுந்து மழையில் இறங்கி நடந்தாள். வாசலைத் தாண்டிய பிறகுதான், வந்த வேலையான குளம்புப் புண்ணைக் காட்டவே இல்லை என்பது உறைத்தது. திரும்பி வந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் முதுகு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை வாடகைக் கிடா வருது. பேசி முடிச்சாச்சு."

"ஆடு என்னோடது."

"இடம் என்னோடது."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரோஷக்காரிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் மைக்கண்... அதற்குப் பக்கத்திலேயே சிரிக்கிற இன்னொரு ஜோடிக் கண்கள். ச்சே, பன் கொடுக்கிறவனுக்கெல்லாம் எதற்கு இவ்வளவு அழகான கண்?

சனிக்கிழமை பேக்கரிக்குப் போனாள். அடுப்பின் அனல் முகத்தில் அடித்தது. அவன் புருவத்தில், இமையில் எல்லாம் மாவு. கையில் சூடான தட்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

"பன் குடுக்கலைங்க... தழைதான் போட்டிருக்கேன்."

"உங்களைத் திருடன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுக்கங்க."

அவன் முகம் மலர்ந்தது. "அப்போ கிடாவை எப்ப..."

"கிடா வேண்டாம்."

"ஏங்க?"

"வாங்கிட்டா கிடாவுக்காகக் கேட்ட மாதிரி ஆயிடும். தப்புன்னு பட்டுது, கேட்டுட்டேன். வர்றேன்."

போய்விட்டாள். அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பிலிருந்த அடுத்த ஈடு ரொட்டி கருகியது. அவளோ தெருமுனை திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மானத்தைக் காப்பாற்றியாயிற்று. ஆடு போகப்போகிறது. கூடவே வேறு ஏதோ ஒன்றும் போவது போல ஏன் இப்படி வலிக்கிறது...

ஞாயிற்றுக்கிழமை காலை வாடகைக் கிடாவோடு வேன் வந்து நின்றது. கிடா கன்றுக்குட்டி உயரம். ரோஷக்காரி பட்டியைப் பூட்டி, சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, படல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"தள்ளு," என்றான் அண்ணன்.

"மாட்டேன்."

"பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இத்தனை வருஷமா சிரிச்சுட்டுதானே இருக்காங்க."

தூறல் ஆரம்பித்தது. அப்போதுதான், மைக்கண் பட்டிக்கு வழி விசாரித்துக்கொண்டு ஒரு பேக்கரி வேன் வந்தது. பின்கதவு திறக்க, ரொட்டி வாசனையோடு மைக்கண் கிடா எட்டிப் பார்த்தது. அவன் அதைக் கட்டிப்பிடித்து இறக்கினான். கிடாவின் நெஞ்சில் நீலச் சாயம். அவன் சட்டையில், கழுத்தில், தாடையில் அதைவிட அதிகமாக நீலம். முதலில் பூசிவிட்டு அப்புறம் தூக்கியிருக்கிறான் மனுஷன். அவ்வளவு கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பை அண்ணன் பார்த்துவிட்டான்.

"யாரு இவன்? கிடாவை விட வந்திருக்கானா, இல்ல உன்னைப் பார்க்க வந்திருக்கானா?"

"இல்லீங்க... நான் வந்து... கிடா..." என்று இழுத்தவன், அவளைப் பார்த்தான். அவன் இமையில் மழைத்துளி, அதற்குப் பின்னால் பயந்துபோன இரண்டு கண்கள். கிடாவுக்குத்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கௌரவமாக எல்லாம் முடிந்துவிடும். அவளும் பழையபடி ரோஷக்காரியாகவே தனியாக நிற்கலாம்.

"ரெண்டுக்கும்தான்," என்றாள். "நான்தான் வரச் சொன்னேன்."

"என்னடி சொல்ற?"

"உன் காதுல விழுந்ததைத்தான் சொன்னேண்ணா. என் பட்டிக்கு இந்தக் கிடா போதும். எனக்கு..." அந்த ஒரு இடத்தில்தான் அவள் குரல் நடுங்கியது. ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. "எனக்கு இவர் போதும்."

வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டா எல்லாரையும் மழையில நிக்க வெச்சிருக்கே? அந்த வாடகைக் கிடாவைத் திருப்பி அனுப்பு. அவ ஆடு, அவ பாடு."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வேன்காரனிடம் போனான். சாவி திரும்பியது. கிடா ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, சொந்த வீட்டுக்குள் போவது போல உள்ளே போனது.

அவன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"நீங்க எப்போங்க என்னை வரச் சொன்னீங்க?"

"சொல்லல."

"அப்போ..."

"இப்போ சொல்றேன். நாளைக்கும் வாங்க."

"நிஜத்தைச் சொல்லிடறேன். நான் கிடாவுக்காக வரலைங்க. கிடா வேண்டாம்னுட்டுப் போனீங்களே... அப்பவே வேன்ல ஏறியிருப்பேன். ரொட்டி கருகிடுச்சு."

அவள் கையை நீட்டி, அவன் தாடையில் இருந்த சாயத்தைத் துடைத்தாள். சாயம் போகவில்லை. அவள் உள்ளங்கைதான் நீலமாயிற்று.

அண்ணன் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை மறைக்கவில்லை.