மூச்சுக்குப் பதிலாக ஒரு மின்விசிறி

பெட்டியின் மேல் டேப் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே இருக்க வேண்டியது ஆக்சிஜன் மெஷின். இருந்ததோ மேஜை மின்விசிறி. மாற்றியது யார்? கோடவுனா, டெலிவரிக்காரனா, வழியில் வேறு யாராவதா?

விடை தெரியாததால் டெலிவரிக்காரன் லாக்கப்பில் இருந்தான். விசாரித்த விதத்தில் அவனுடைய இரண்டு விரல்கள் வீங்கி மடங்க மறுத்தன. மெஷினுக்காகக் காத்திருந்த அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சிலிண்டர் தீர்ந்ததும் இறந்துபோனாள். அந்தச் சாவையும் சேர்த்து மாலைக்குள் அவன்மீது வழக்கு எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் ஒருமுறை வீட்டைப் பார்க்க வந்தாள்.

இறந்தவளின் மகன் மனைவியோடு வாசலிலேயே நின்றான். மெஷினுக்கு ஆர்டர் போட்ட அவன் தங்கை, வெளியூரிலிருந்து வந்தவள், அம்மாவின் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பார்சல் வந்ததும் என்ன பண்ணீங்க?"

"எல்லாரும் சொல்ற மாதிரிதான் மேடம். தப்பான பொருள் வந்தா நாமதானே நிரூபிக்கணும்? டேப்பை வெட்டறதுக்கு முன்னாடியே என் மனைவியை வீடியோ எடுக்கச் சொல்லிட்டேன். நடுவுல எங்கயும் நிறுத்தல."

"விவரமான ஆளுதான்."

"வேற வழி? பாதிப் பேர் திருட்டுப் பசங்க."

"டெலிவரிக்காரன் எப்படி?"

"திமிர் பிடிச்சவன். மாடி ஏற மாட்டேன்னு கீழயே போட்டுட்டுப் போயிட்டான். நானும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு ஏத்தினோம். அவருக்கு இடுப்பு பிடிச்சு இன்னும் நிமிரல. அதையும் புகார்ல சேர்த்திருக்கேன்."

"சேர்க்கணும்தான்."

தங்கை தலை நிமிர்த்தினாள். "அண்ணா, அன்னிக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"மாத்தி அனுப்பறேன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். சிலிண்டர் இருக்கு. எதுக்கு அலைக்கழிக்கணும்? ஊர்ல உட்கார்ந்து ஆர்டர் போட்டா கடமை முடிஞ்சுதா உனக்கு?"



"வெளிநாட்டு வேலைன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"அடுத்த வாரம் கிளம்பறோம். அம்மாவை யார்கிட்ட விடறதுன்னு தவிச்சிட்டிருந்தேன்."

"இப்ப அந்தத் தவிப்பு இல்ல."

வீடியோவைப் போடச் சொன்னாள். அதில் மகனின் இடது கையில் கத்தரிக்கோல். வலது கையால் தரையிலிருந்த பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தான், டேப்பைக் காட்டினான், வெட்டினான், திறந்தான், திடுக்கிட்டான். நன்றாகவே திடுக்கிட்டான். இன்ஸ்பெக்டர் முதல் சில நொடிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

பிறகு அட்டைப்பெட்டியைக் கேட்டாள். லேபிளில், முகவரிக்குக் கீழே, யாரும் படிக்காத பொடி எழுத்தில் ஓர் எடை இருந்தது: பதினெட்டு கிலோ.

கோடவுனில் ஒட்டி முடித்த பெட்டிகள் ஓடும் பட்டையில் வரிசையாக வரும். பட்டைக்கு அடியிலேயே ஒரு தராசு உண்டு. பெட்டி அதைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் எடை பதிவாகி லேபிளில் அச்சாகிவிடும். வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்கிடத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் மூடிய பெட்டிக்குள் என்ன போனது என்பதற்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பயணத்துக்குச் சூட்கேஸ் நிறுக்க அந்த வீட்டில் ஒரு கொக்கித் தராசு வாங்கி வைத்திருந்தார்கள். மின்விசிறியோடு பெட்டியைக் கயிறு கட்டி அதில் தொங்கவிட்டாள். நாலு கிலோ.

"பார்த்தீங்களா? வழியிலயே திருடிட்டான்," என்றான் மகன்.

"வழியில திருடியிருந்தா, நாலு கிலோவைத் தூக்க ரெண்டு பேர் எதுக்கு? எதிர்வீட்டுக்காரர் இடுப்பு ஏன் பிடிச்சுது? மாடிக்கு வந்தப்போ பெட்டி கனமா இருந்துச்சு. வீடியோவுல ஒத்தைக் கையால தூக்கறீங்க. நடுவுல பெட்டி உங்க வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு."

பெட்டியைக் கவிழ்த்தாள். மேல் டேப்பில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருந்தது. அடியில் ஒட்டியிருந்தது வெறும் பழுப்பு டேப்.

"அடியை வெட்டி மாத்திட்டு, மேல வெட்டறதை வீடியோ எடுத்திருக்கீங்க. தப்பான பொருள் வந்தா மாத்தி வர நாளாகும். சிலிண்டர் அதுவரைக்கும் தாங்காது. கம்பெனி மேல பழி, டெலிவரிக்காரன் மேல கேஸ், உங்க மேல எல்லாருக்கும் பரிதாபம். மெஷின் எங்க?"

மகனுடைய மனைவியின் பார்வை கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் அங்கிருந்த சூட்கேஸை இழுத்துத் திறந்தாள். குளிர்கோட்டுக்குள் சுற்றி, பிளக்கின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், மெஷின் இருந்தது. அம்மா அதற்கு ஒரு முழம் மேலே படுத்துத்தான் மூச்சுக்குத் திணறியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். "டெலிவரிக்காரனை விட்டுடுங்க."

"அவன் விரல், மேடம்?"

"கட்டு போட்டு அனுப்புங்க."

கட்டிலைவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றிருந்தாள் தங்கை. "தப்பான பொருள்னு சொன்னப்போ நான் என்ன கேட்டிருக்கணும் மேடம்?"

இன்ஸ்பெக்டர் நிதானமாக, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோலச் சொன்னாள்:

"வந்த பெட்டியை வந்தபடியே எடை போடச் சொல்லியிருக்கணும். லேபிள்ல இருக்கற எடையும் அதுவும் ஒண்ணா இருந்தா, தப்பு கோடவுன்ல. வேறயா இருந்தா, கோடவுனை விட்டு வந்ததுக்கு அப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க. வாசல்லயே எடை போட்டா வழியிலயா வீட்டுலயான்னும் தெரிஞ்சிடும்."