சுங்கைப்பட்டாணி நிஷா

அனுசியா மகளின் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, சுட்டுவிட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

“இதுல இருக்கிறத வாய்விட்டுப் படிக்க என்னால முடியல, மேடம். நீங்களே பாருங்க.”

மலாக்கா காவல் துறையில் சிறார் குற்றங்களை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் மலர்விழி கைப்பேசியை எடுத்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். பக்கத்தில் சமூக நல இலாகாவின் குழந்தைப் பாதுகாவல் அதிகாரி சுரேன். உதவி எண்ணுக்கு அனுசியா அழைத்தபோது பேசியவன் அவன்தான்; அவருடைய ஊரான ரெம்பியாவிலிருந்து அவரைத் தன் காரில் கூட்டி வந்தவனும் அவன்தான். வரும் வழியிலேயே எல்லாவற்றையும் படித்திருந்தான்.

அனுசியாவின் மகள் தாரணி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. இணைய விளையாட்டு ஒன்றில் அவளுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தாள். பெயர் நிஷா, ஊர் சுங்கைப்பட்டாணி, அவளும் ஆறாம் ஆண்டுதானாம். முதலில் பூனைப் படம், பள்ளிக் கதை, “யுபிஎஸ்ஆர் பரீட்சைய நெனச்சாலே பயமா இருக்கு” என்கிற புலம்பல். பிறகு, “உங்கம்மா உன்ன நேத்து திட்டினாங்கதானே? பாவம் நீ. எல்லாத்தையும் என்கிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லாத.” கடைசியில் மிரட்டல். சனிக்கிழமை பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குத் தனியாக வர வேண்டும்; நிஷாவின் அண்ணன் காரில் வந்து ஏற்றிக்கொள்வான். வராவிட்டால், அம்மாவைப் பற்றித் தாரணி எழுதியதெல்லாம் ஜொகூரில் வேலை செய்யும் அப்பாவுக்குப் போய்விடும்.

“விளையாட்டு நிறுவனத்துக்கு இன்னிக்கே எழுதிடுவோம். பதில் வர நாளாகும். சனிக்கிழமை அதுவரைக்கும் காத்திருக்காது” என்றார் மலர்விழி. பிறகு கேட்டார்: “அக்கா, நீங்க திட்டினது நிஷாவுக்கு எப்படித் தெரிஞ்சது? தாரணி யார்கிட்டயாவது சொன்னாளா?”

“யார்கிட்டயும் சொல்லலயாம். அன்னிக்குச் சாயங்காலம் வாசல்ல வச்சுத் திட்டிட்டேன். அப்ப மூணு பேரு இருந்தாங்க. பள்ளி வேன் ஓட்டுற காந்தன் அண்ணே, அப்பதான் அவள இறக்கிவிட்டாரு. டியூஷன் சொல்லிக்கொடுக்கிற ஹரிதாஸ் சாரு. அப்புறம் என் சித்தி மகன் காளிதாஸ் அண்ணன், வைஃபை சரி பண்ண வந்திருந்துச்சு. ஒம்பது வருஷமா சிங்கப்பூர்ல இருந்துட்டு, போன தீபாவளிக்குத்தான் வந்துச்சு. பிள்ளைக்கு அது மேல உசுரு.”

சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. மூன்று பேருமே தன் வீட்டுத் தண்ணீர் குடித்தவர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் வெளியே போனதும் சுரேன் நாற்காலியை இழுத்துப்போட்டான். “ஹரிதாஸ்தான் மேடம். பிள்ளைங்களுக்குன்னு தனி வாட்சாப் குழு வச்சிருக்காரு. கண்ட நேரத்திலயும் செய்தி அனுப்புவாராம்.”

“இருக்கலாம்.”

“இல்லன்னா அந்த வேன்காரரு. பிள்ளைங்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பாராம்.”

“அதுவும் இருக்கலாம். ஆனா நீங்க மிரட்டலையே படிக்கிறீங்க, சுரேன். மிரட்டுறப்ப ஆளு உஷாரா இருப்பான். சும்மா கதை பேசினதப் படிங்க.”

சுரேன் மறுபடி படித்தான். பூனை, பள்ளி, பரீட்சை. ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் மாலை அனுசியாவின் வீட்டுக் கூடத்தில் காந்தன், ஹரிதாஸ், காளிதாஸ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இணையப் பாதுகாப்பு பற்றி ரெம்பியாவில் அரசாங்கம் ஒரு கூட்டம் நடத்தப்போகிறது, பிள்ளைகளை அறிந்தவர்களின் யோசனை வேண்டும் என்று சொல்லி அழைத்திருந்தார் மலர்விழி. தாரணி அடுத்த வீட்டில் இருந்தாள். வாசலில் நின்ற காரில் சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள்.

சுரேன் முகம் முகமாகப் பார்த்தான். எல்லாமே நல்ல முகங்கள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஹரிதாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபோது, இவர்தான் என்று நினைத்தான். காந்தன் கடிகாரத்தைப் பார்த்தபோது, இல்லை, இவர்தான் என்று நினைத்தான். காளிதாஸ் எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

“ஒரே கேள்விதான்” என்றார் மலர்விழி. “ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்கு இப்ப பெரிய கவலை எது?”

“என் பையனும் ஆறாம் ஆண்டுதான்மா” என்றார் காந்தன். “கவலையா? ஃபோனப் புடுங்கினாத்தான் கவலை. நம்ம காலம் மாதிரி பெரிய பரீட்சையா இருக்கு?”

ஹரிதாஸ் யோசித்துச் சொன்னார்: “இடைநிலைப்பள்ளிக்குப் போற பயம். புது இடம், எல்லாம் மலாய்மொழி. அதுக்குத்தான் நான் குழுவிலயும் பயிற்சி அனுப்புறேன்.”

காளிதாஸ் சிரித்தான். “என்ன சார், யுபிஎஸ்ஆர் இருக்கே லா. பாவம் தாரணி, அந்தப் பயத்திலதான் படிச்சுக்கிட்டே இருக்கு.”

ஹரிதாஸ் புரியாமல் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பரீட்சைய ரத்து பண்ணி சில வருஷம் ஆச்சு, காளிதாஸ்” என்றார் மலர்விழி. குரல் உயரவில்லை. “இன்னிக்கு ஆறாம் ஆண்டு படிக்கிற பிள்ளை அதை நெனச்சு பயப்பட முடியாது. தாரணிகிட்டயே கேட்டேன். அப்படின்னா என்னன்னே அவளுக்குத் தெரியல. நிஷா பள்ளியில மட்டும் இருக்கிற ஏதோ சோதனைன்னு நெனச்சிருக்கா. அதனால நிஷா சின்னப் பிள்ளை இல்ல. வாசல்ல திட்டினத அவ தெரிஞ்சு வச்சிருந்ததால, அன்னிக்கு இங்க இருந்த மூணு பேருல ஒருத்தர். காந்தன் அண்ணே மகன் ஆறாம் ஆண்டு. ஹரிதாஸ் சாருக்குப் பிள்ளைங்க பாடம்தான் பொழப்பு. இவங்க ரெண்டு பேரும் அந்தத் தப்ப எழுதியிருக்க மாட்டாங்க. அந்தப் பரீட்சை இருந்த காலத்தில ஊரை விட்டுப் போய், ரத்தானபிறகு திரும்பி வந்தவர் எழுதுவாரு.”

“ஒரு வார்த்தைய வச்சு என்னைக் குத்தம் சொல்றீங்களா?”

“ஒரு வார்த்தை ஆதாரம் ஆகாது. எந்த ஃபோனப் பாக்கணும்னு காட்டும், அவ்வளவுதான்.”

சுரேனுக்கு இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. “நிஷாவோட அண்ணன்னு யாரும் வந்திருக்கவே மாட்டாங்க” என்று மெல்லச் சொன்னான். “பாசார் மாலாம்ல தனியா நிக்கிற பிள்ளைய அவ மாமா கார்ல ஏத்திக்கிட்டா, பாக்கிறவங்க யாரு கேப்பாங்க?”

அனுசியா சுவரைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே” என்றார்.

சட்டைப்பையில் இருந்த கைப்பேசியைக் காளிதாஸ் தாராளமாக நீட்டினான். அதில் ஒன்றும் இல்லை. அவன் காரின் இருக்கைக்கு அடியிலிருந்து போலீஸ்காரர்கள் எடுத்த இரண்டாவது கைப்பேசியில் நிஷா இருந்தாள். வேறு நான்கு பிள்ளைகளோடும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தையின்மேல் கை வைத்தால்தான் குற்றம் என்பதில்லை, கெட்ட எண்ணத்தோடு பேசிப் பழகுவதே தனிக் குற்றம் என்று மலர்விழி அவனுக்குச் சொல்லி, வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அன்றிரவே அந்த நான்கு வீடுகளுக்கும் சுரேன் அழைத்துப் பேச வேண்டியிருந்தது. அதற்கு முன் தாரணியிடம் சொல்லியாக வேண்டும். அடுத்த வீட்டிலிருந்து அவளை அனுசியா கூட்டி வந்தார். தான் எழுதியது அம்மாவுக்குத் தெரிந்துவிட்ட வெட்கத்தில் பிள்ளை தலை நிமிரவில்லை. அனுசியா அவளை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டார்.

“உன்மேல தப்பே இல்ல, தாரணி” என்றார் மலர்விழி. பிறகு மறைக்காமல், அவளுக்குப் புரியும் அளவில், யார் எழுதியது என்பதைச் சொன்னார்.

தாரணி காளிதாஸ் மாமாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப நிஷாவே இல்லையா?”

“இல்லம்மா.”

அதற்குத்தான் அவள் அழுதாள்.