வைக்கோற்போரில் ஒரு சேவல்

இடி இறங்கியது. கூண்டு வண்டிக்குள் பியூலா கண்களை இறுக மூடிக்கொண்டாள். தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. வண்டிக்காரர் வெள்ளத்தின் அளவைப் பார்க்கப் பாலம் வரை போயிருந்தார்.

திரைக்கு வெளியே ஒரு மெல்லிய குரல்... சற்று ஒதுங்க இடம் கிடைக்குமா என்று கேட்டது.

“ஏறிக்கோ தாயி, நனையாத,” என்று திரையை விலக்கினாள்.

எதிரே ஒரு மீசை நின்றது. நீர் சொட்டும் மீசை. அதற்கு மேலே இரண்டு கண்கள்... மழையில் கழுவிய நாவற்பழங்கள்.

“தாயி ஏறலாமா, கூடாதா?” என்றான் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

முகம் சிவக்கத் திரையை இழுத்து மூடினாள். அவன் போகவில்லை. மழையிலேயே நின்றான். மறுபடி இடி... அவள் விசும்பல் கேட்டதும் ஆற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். வைக்கோற்போர் ஒன்று மிதந்து வருகிறதாம். அதன் உச்சியில் ஒரு சேவல், கலெக்டர் துரை மாதிரி நிற்கிறதாம்... அவள் சிரித்துவிட்டாள். அடுத்த இடி அவள் காதில் விழவே இல்லை.

அவன் பாக்கியசீலன், பேட்டையில் வாத்தியார். மறுவாரமே கோயில் உபதேசியார் மூலம் பெண் கேட்டான்.

அண்ணன் அப்பாத்துரை முகம் சுளித்தார். பெண்ணைப் போலப் பேசுகிறவனுக்குப் பெண்மேல் ஆசை எப்படி வரும் என்று ஊரே சிரிக்கிறதாம். ஆம்பிளையாகப் பேசப் பழகிக்கொண்டு வரட்டும் என்று சொல்லியனுப்பினார்.

ஒரு மாதம் ஓடியது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த வேளை. கூடத்தில் தகர டப்பாவில் கல் உருட்டியது போல ஒரு குரல்... வேறு மாப்பிள்ளையா? பியூலா வேண்டா வெறுப்பாய்க் காப்பித் தட்டுடன் வந்தாள்.

அதே கண்கள்!

“இது யாரு குரலு?” என்றாள்.

அவன் இருமினான். தினமும் விடியலில் ஆற்றங்கரையில் கத்திக் கத்திப் பழகியதாம். தொண்டை புண்ணாகிவிட்டதாம்.

“அண்ணே, இடிக்கும் தடிச்ச குரல்தான். அதுக்குத்தான் நான் பயந்தேன். பயத்தத் தீத்தது இவரு சொந்தக் குரலு.”

அப்பாத்துரை காப்பியை எடுத்துத் தானே நீட்டினார். “தொண்டைக்கு எதமா பையக் குடிங்க, மாப்ள. உங்க குரல்லயே பேசுங்க,” என்று வெளியே நடந்தார்.

“ஒண்ணு சொல்லணும்...” அவனுக்கு அந்த மழைநாளின் மெல்லிய குரல் திரும்பியிருந்தது. “அன்னைக்கு ஆத்துல சேவலே வரல்ல. உங்கள விட்டுப் போவ மனசு வரல்ல. அதான்...”

அவள் இமைகள் தாழ்ந்தன.

“எனக்கெப்படித் தெரியும்? திரையில ஒரு கிழிசல் இருந்துச்சுதான்... ஆனா நான் ஆத்தப் பாக்கவே இல்லயே.”