சுவிட்ச் போடாத சார்ஜிங் லீடர்

ஆறாம் வகுப்பு 'பி' பிரிவின் சார்ஜிங் லீடர் ஷண்முகப்ரியா. அப்படி ஒரு பதவி உங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் இருக்கலாம். மயிலாப்பூரில் அவள் படிக்கும் பள்ளியிலும் இந்த வருடம்தான் வந்தது.

டேப்லெட்டோ போனோ வீட்டிலிருந்து கொண்டுவரலாம், பாடத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று பள்ளியில் சொன்னதும், முப்பத்திரண்டு பேரும் கொண்டுவந்துவிட்டார்கள். வகுப்பின் பின்சுவரில் இருந்ததோ ஆறே ஆறு பிளக் பாயிண்ட். முதல் நாள் நடந்த தள்ளுமுள்ளில் இரண்டு பேருக்குச் சட்டைப் பொத்தான் போயிற்று.

"இனிமே அந்தச் சுவர் பக்கம் யாரும் போகக் கூடாது. ப்ரியா மட்டும்தான்" என்று தூபா மிஸ் சொல்லிவிட்டார்.

யாருடையதை முதலில் சார்ஜில் போடுவது, யாருடையதை அப்புறம் போடுவது என்று ப்ரியாதான் முடிவு செய்வாள். பெரிய பதவிதான். ஆனால் அவளுடைய போன் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அது தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் உழைத்துத் தேய்ந்த பழைய போன். வாடிக்கையாளர்கள் இன்னும் அந்த நம்பருக்கே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ப்ரியா அந்தப் போனை இணைத்து ஸ்மார்ட்போர்டில் இலையின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். 'மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் இருக்கா அண்ணாச்சி?' என்று இலைக்கு மேலேயே ஒரு செய்தி வந்து உட்கார்ந்தது.

"இருக்கும்மா, எத்தனை வேணும்?" என்றான் நிரஞ்சன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நீரஜாவின் புது டேபைத்தான் பொறுக்க முடியவில்லை.

நீரஜா அவள் பக்கத்தில் உட்காருபவள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தோழி. அவளுடைய மாமா வாங்கிக் கொடுத்த டேப் அது. வெள்ளி நிறம். கூடவே திரையில் எழுதுவதற்கு ஒரு பேனா.

முன்பெல்லாம், "ப்ரியா, எனக்கு இந்தியா மேப் வரைஞ்சு கொடுடி" என்று எல்லோரும் இவளைத்தான் சுற்றி வருவார்கள். இப்போது நீரஜா பேனாவால் ஒரு தட்டுத் தட்டினால் மேப் வந்து நிற்கிறது. கூட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. ப்ரியா பெஞ்சின் நுனிக்குத் தள்ளப்பட்டாள். அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்று திங்கட்கிழமை. மூன்றாவது பீரியடில் நீரஜா தன் புராஜெக்டைக் காட்ட வேண்டும். காலையில் டேபைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ப்ரியா, நேத்து பூரா இதையே வச்சுண்டு வேலை பண்ணினேன். ஒன்பது பர்சன்ட்தான் இருக்கு. என்னோடதை முதல்ல போட்டுடேன், ப்ளீஸ்!"

"கொடு."

ப்ரியா பிளக்கைச் சொருகினாள். வயரை டேபில் மாட்டினாள். சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுத்துவிட்டாள்.

பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

"போட்டுட்டியா?" என்று கேட்டாள் நீரஜா.

"போட்டாச்சு."

முதல் இரண்டு பீரியடும் ப்ரியாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. எழுந்துபோய் சுவிட்சைப் போட்டுவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். இரண்டு தடவையும் அந்த வெள்ளி நிறம் கண்ணில் பட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாவது பீரியட் வந்தது. ப்ரியா கழற்றிக் கொடுத்த டேபை, எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்று பார்க்காமலே நீரஜா வாங்கிக்கொண்டு ஓடினாள். நீரஜாவின் புராஜெக்ட், 'எங்கள் ஊர்ச் சத்தங்கள்'. அவள் பதிவு செய்த சத்தங்களை மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, என்ன சத்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சத்தம், குக்கர் விசில். இரண்டாவது, பாலத்தின் மேல் ஓடும் பறக்கும் ரயில். மூன்றாவது சத்தம் பாதியில் நின்றது. டேப் அணைந்துவிட்டது.

நீரஜா பட்டனை அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள்.

"மிஸ், ரெண்டு பீரியட் சார்ஜ்ல இருந்துதே! கெட்டுப்போயிடுத்தா?"

"இன்னைக்குத்தான்மா கடைசி நாள். சாயங்காலம் நான் மார்க் கொடுத்தாகணும்" என்றார் தூபா மிஸ். அவருக்கும் வருத்தம்தான்.

நீரஜாவின் உதடு துடித்தது. இதற்குத்தானே ஆசைப்பட்டாள் ப்ரியா? ஆனால் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"மிஸ், டேப் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சுவிட்ச் போடலை. எல்லாரும் பின்சுவர்கிட்ட வந்து உட்கார்ந்தா, சார்ஜ்ல வச்சுக்கிட்டே காட்டலாம்."

மற்ற எல்லோரும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வயர் குட்டையாக இருந்ததால், ப்ரியா சுவரோடு ஒட்டி நின்று டேபைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். டேப் உயிர் பெறும்வரை நிரஞ்சன் குக்கர் மாதிரி விசிலடித்தான்.

"போதும்டா, சாதம் குழைஞ்சிடும்" என்றார் மிஸ்.

சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிச் சத்தம் வினோதமாக இருந்தது. 'சர்ர்ர்ர்... பட்!'

"மழை!" "பட்டாசு!" "பாம்பு, மிஸ்!"

ப்ரியாவுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. "புடவை! கடையில பிரிச்சு உதறிக் காட்டுவாங்களே, அந்தச் சத்தம்!"

"கரெக்ட்!" என்று குதித்தாள் நீரஜா. "உங்கப்பா உதறினதுதான். அம்மாவோட உங்க கடைக்கு வந்தப்போ எடுத்தேன். வேற யாரும் கண்டுபிடிக்க மாட்டா, நீ மட்டும் சொல்லிடுவேன்னு நினைச்சேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ப்ரியாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மதியம் டிபன் டப்பாவைத் திறந்தபடியே நீரஜா சொன்னாள், "விடு ப்ரியா. மறந்துபோறது எல்லாருக்கும்தான்."

தலையை ஆட்டினால் போதும். விஷயம் அதோடு முடிந்துவிடும். ஆனால் ப்ரியாவின் தலை ஆடவில்லை.

"மறக்கலை. வேணும்னேதான் போடலை."

"ஏன்?"

"பொறாமை. எல்லாரும் உன் டேபையே சுத்தி வந்தாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தப்புதான், நீரஜா."

நீரஜா டப்பாவை மூடினாள். "உன்கிட்ட ரெண்டு நாள் பேச மாட்டேன்."

"சரி."

"சரின்னு சொல்லாதே! இன்னும் கோவம் வரது."

மறுநாள் காலை நீரஜா வாயைத் திறக்கவில்லை. ஆனால் டேபைக் கொண்டுவந்து ப்ரியாவின் கையில் கொடுத்தாள். திரையில் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: 'கோபம் 60%'.

ப்ரியா டேபைச் சார்ஜில் போட்டாள். சுவிட்சை மூன்று தடவை சரிபார்த்தாள்.

மதியம் டேபை வாங்கியதும் நீரஜா அதை அழித்துவிட்டு, 'கோபம் 25%' என்று எழுதிக் காட்டினாள். கடைசி பெல் அடித்தபோது, 'கோபம் 4%'.

ப்ரியா மெதுவாகக் கையை நீட்டினாள். நீரஜா கொஞ்சம் யோசித்தாள். பிறகு பேனாவைக் கொடுத்தாள். ப்ரியா அதே வரிக்குக் கீழே எழுதினாள்: 'பொறாமை 30%'.

"என்னது, இன்னும் முப்பதா!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் நீரஜா. இரண்டு நாள் முடிவதற்குள் பேசிவிட்டாளே!

"நேத்து நூறு இருந்துச்சுடி" என்றாள் ப்ரியா.